இரண்டாவது காரணம்

சேலத்தில் மேக்னசைட் ஜங்ஷன் என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றிய பகுதியில் வெள்ளை வெளேரென்று கல்லும் மண்ணும் மேடு மேடாகக் கிடக்கும். சேர்வராயன் மலையின் அடிவாரம் அது. ஆங்கிலேயர்கள் அந்தக் கரடுகளைப் பார்த்து ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது வெள்ளைக்கல். சாக்பீஸ் செய்யும் சுண்ணக்கல் அங்கே இல்லை. இருப்பது மக்னீசியம் கார்பனேட். எடையில் ஏறக்குறைய 29 சதவீதம் மக்னீசியமே. வெட்டியெடுத்த கல் உருக்காலை உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய தீச்செங்கல்லாகப் போகிறது.

அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறினால் நிலைமை தலைகீழ். மலையின் உடம்பு சார்னோகைட் என்ற கரும்பாறை. அதன் உச்சிப் பரப்பு பல லட்சம் ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, கரையக்கூடியதெல்லாம் கரைந்து ஓடிவிட்ட பின் எஞ்சிய செம்புறைமண்ணும் பாக்சைட்டும்தான் மேலே இருக்கின்றன. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்துதான் பாக்சைட் இறங்கிப் போனது. இப்படிப் பாறை சிதையும்போது அலுமினியமும் இரும்பும் தங்கும். மக்னீசியமும் கால்சியமும் முதலில் ஓடும். அதனால்தான் அமிலத்தன்மை கூடிய மண்ணுள்ள காபித் தோட்டங்களில் மக்னீசியம் கலந்த டோலமைட் சுண்ணாம்பைத் தூவுகிறார்கள். அடிவாரத்தில் மக்னீசியம் மலையாகக் குவிந்திருக்கிறது. 1,200 மீட்டர் மேலே போனால் செடிக்கே அதைக் கடையில் வாங்கிப் போட வேண்டியிருக்கிறது.

இதயத்தசை பற்றிய இந்த அத்தியாயத்தில் பாறைக்கும் மண்ணுக்கும் என்ன வேலை? இருக்கிறது. நம் பக்கத்து மாநிலத்தில், ஒரு தலைமுறை மருத்துவர்கள் குழந்தைகளின் இதயம் இறுகிப்போனதற்குக் காரணத்தை மண்ணில்தான் தேடினார்கள். மக்னீசியம் வற்றிய மண்ணில்.

அடைப்பு வேறு, தசை வேறு

இதய நோய் என்றால் நமக்கு அடைப்புதான். “ரெண்டு பிளாக் இருக்குதாம்” என்று சொன்னால் கேட்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து வழி குறுகுவது அது. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்து, குழாய்கள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன என்று மருத்துவர் சொன்ன பிறகும் சிலருக்கு மூச்சுத்திணறல் தீராது. அவர்களுக்குக் கெட்டிருப்பது குழாய் அல்ல, தசை.

வளர்ந்தவரின் இதயம் ஏறக்குறைய 300 கிராம். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை சுருங்கி விரிகிறது. உடம்புக்கெல்லாம் ரத்தத்தைத் தள்ளுவது அதன் இடது கீழறை. அதன் சுவர் சாதாரணமாக 11 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அறையில் நிரம்பிய ரத்தத்தில் பாதிக்கு மேல் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போக வேண்டும். இந்தத் தசைக்கு வரும் கேடு பெரும்பாலும் மூன்று வடிவங்களில் தெரியும். சுவர் மெலிந்து, அறை அகன்று, தள்ளும் வலு குறைவது ஒன்று. சுவர் 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்து, அறை சிறுத்து, சிலருக்கு ரத்தம் வெளியேறும் வழியையே மறிப்பது இன்னொன்று. சுவரின் கனம் அதிகம் மாறாமல் தசை விறைத்துப்போய், ரத்தம் உள்ளே நிரம்ப இடம் கொடுக்காமல் இருப்பது மூன்றாவது. முறையே விரிவு வகை, தடிப்பு வகை, விறைப்பு வகை எனலாம்.

இவற்றைத் தனி நோயாக மருத்துவ உலகம் பார்க்கத் தொடங்கி ஏறக்குறைய எழுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆங்கிலேய மருத்துவர் வாலஸ் பிரிக்டன் 1957-இல் ‘கார்டியோமயோபதி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். மறு ஆண்டு லண்டனில் டொனால்டு டியர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் எட்டுப் பேரின் இதயங்களைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் இளைஞர்கள், திடீரென்று இறந்தவர்கள். அவர்களின் இதயச் சுவர் ஒரு பக்கம் மட்டும் அளவுக்கு மீறித் தடித்திருந்தது. இந்தத் தடிப்பு வகை அரிய நோய் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் இளவயதினரின் இதயத்தை எக்கோ ஸ்கேனில் பார்த்த ஓர் ஆய்வு 1995-இல் சொன்ன கணக்கு வேறு: 500 பேரில் ஒருவர்.

தசை சுருங்கும் வேலை நுண்ணிய இழைகளில் நடக்கிறது. மயோசின் என்ற புரத இழை ஆக்டின் என்ற இன்னொரு புரத இழையைப் பிடித்து இழுக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. இழுப்பதற்கான எரிபொருள் ஏடிபி என்ற மூலக்கூறு. இந்த ஏடிபி மயோசினிடம் தனியாக வருவதில்லை. மக்னீசிய அணு ஒன்றைச் சேர்த்துக்கொண்டுதான் வருகிறது. வெள்ளைக்கல்லில் இருக்கும் அதே தனிமம் இல்லாமல் இதயம் ஒருமுறைகூடத் துடிக்க முடியாது.

ஒற்றைக் காரணம் கிடைத்த நோய்

இதயத்தசை கெடுவதற்கு உணவு காரணமாக இருக்க முடியும் என்பதை உலகம் முதலில் பெரிபெரி நோயில் கற்றது. தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்குக் கால் வீங்கும், இதயம் பெருக்கும், மூச்சு முட்டும். இந்தியாவில் இதை ஆராய்ந்த இடம் நீலகிரியின் குன்னூர். ராபர்ட் மெக்காரிசன் அங்கே 1918-இல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். பின்னாளில் ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு அதுவே விதை.

நெல்லை வேகவைத்துக் காயவைத்துக் குத்தும்போது தவிட்டுப் பகுதியில் உள்ள தயமின் என்ற வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் எவ்வளவு தீட்டினாலும் புழுங்கல் அரிசியில் அது ஓரளவு மிஞ்சும், பச்சரிசியில் மிஞ்சாது. புழுங்கல் சாப்பிட்ட ஊர்களில் பெரிபெரி குறைவாக இருந்ததன் சூட்சுமம் இதுதான். தயமின் ஊசி போட்டால் பெருத்த இதயம் சில நாட்களில் சுருங்கிப் பழைய நிலைக்கு வருவதையும் மருத்துவர்கள் பார்த்தார்கள்.

ஒரு நோய், ஒரு குறைபாடு, ஒரு மருந்து. கணக்கு இவ்வளவு சுலபமாக முடிந்தது மருத்துவர்களுக்கு ஒரு பழக்கத்தை உண்டாக்கியது. எல்லா இதயத்தசை நோய்க்கும் இப்படி ஒற்றைக் காரணம் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கும், தேடினால் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அடுத்து வந்த நோய்கள் அந்த எதிர்பார்ப்பை ஒவ்வொன்றாகக் கலைத்தன.

கேரளக் கடற்கரையில்

1948-இல் உகாண்டாவில் ஜே. என். பி. டேவிஸ் என்ற மருத்துவர் ஒரு விசித்திரமான நோயை விவரித்தார். இதய அறையின் உட்புறம், குறிப்பாக அதன் அடிமுனை, வெண்ணிற நாராலான தழும்பால் மூடிப்போகிறது. அறை சுருங்குவதில் தகராறு இல்லை. விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை. ரத்தம் பின்னே தேங்கி வயிற்றில் நீர் கோக்கிறது. கால்கள் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் பானையாக வீங்கிய சிறுவர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்ற இந்த விறைப்பு வகை நோய் பூமத்திய ரேகையை ஒட்டிய சில நாடுகளில் மட்டும் தென்பட்டது. இந்தியாவில் அது அதிகம் தெரிந்தது கேரளக் கடலோரத்தில். வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள், அவர்களிலும் சிறுவர்களும் இளைஞர்களும்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தை உருவாக்கிய எம். எஸ். வலியத்தான் இதய அறுவை மருத்துவர். இந்தியாவிலேயே செய்த சித்ரா செயற்கை வால்வு அவர் தலைமையில் பிறந்தது. இறுகிய இதயத்தைத் திறந்து நார்த்தழும்பை உரித்தெடுக்கும் அறுவையை 1971-இல் பாரிஸில் ஷார்ல் துபோ செய்து காட்டியிருந்தார். வலியத்தான் அதைக் கேரள நோயாளிகளுக்குச் செய்தார். உரித்தெடுத்த தழும்பு அவர் கையில் இருந்தது. அது எதனால் வந்தது என்ற கேள்வியும் அவரை விடவில்லை.

அவரும் நோய்க்குறியியல் நிபுணர் சி. சி. கர்த்தாவும் மண்ணைப் பார்த்தார்கள். கேரளக் கடற்கரையிலும் நம் மணவாளக்குறிச்சியிலும் மோனசைட் மணல் இருக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதை அடையாளம் கண்டார். மோனசைட்டில் தோரியமும் சீரியமும் உண்டு. கேரளத்தின் செம்புறைமண்ணோ சேர்வராயன் உச்சியைப் போலவே மக்னீசியம் வற்றியது. அந்த மண்ணில் விளைந்து ஏழைகளின் வயிற்றை நிரப்பியது மரவள்ளிக் கிழங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சம் தாங்கும் பயிராகத் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதைப் பரப்பினார்.

நோயாளிகளின் இதயத் திசுவை அளந்தபோது சீரியம் கூடுதலாகவும் மக்னீசியம் குறைவாகவும் இருந்தது. ஆய்வகத்தில் சீரியம், நார்ப்பொருளைச் சுரக்கும் செல்களைத் தூண்டியது. மக்னீசியம் குறைந்த தீனியோடு சீரியமும் சேர்ந்தபோது விலங்குகளின் இதயத்தில் கேடு மிகுந்தது. இதன் அடிப்படையில் 1989-இல் நோய்க்கு ஒரு புவிவேதியியல் காரணத்தை அவர்கள் முன்வைத்தார்கள். சீரியம் மட்டும் போதாது. மக்னீசியப் பஞ்சமும் கூட வேண்டும் என்பதே அதன் சாரம்.

இந்தக் கருதுகோள் எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைக்கவில்லை. குடற்புழுக்களால் பெருகும் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களைச் சிலர் குற்றம் சொன்னார்கள். புரதச்சத்துக் குறைவைச் சிலர் சொன்னார்கள். மரவள்ளியில் உள்ள சயனைடைச் சிலர் சொன்னார்கள். மரவள்ளி மட்டும்தான் காரணம் என்றால் சேலம் மாவட்டம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழிலால் சேர்வராயனைச் சுற்றியுள்ள சமவெளி முழுக்க மரவள்ளி பரவியது. ஆனால் இந்த நோய்க்குப் பெயர்போன இடம் கேரளக் கடலோரம்தான், சேலம் அல்ல. இதற்கிடையில் கேரளத்தில் வறுமை குறைந்தது, உணவு பலவகையானது, சுகாதாரம் கூடியது. நோயும் மெல்ல மெல்ல அருகிவிட்டது. கடற்கரை மணல் அங்கேயேதான் இருக்கிறது. மாறியது வாழ்நிலை.

சேலத்துக்காரர்கள் வெள்ளைக்கல் பக்கத்தில் இருப்பதால் இதயம் வலுவாகும் என்று மகிழவும் வழியில்லை. மனிதருக்கு மக்னீசியம் வருவது தட்டிலிருந்து. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 140 மில்லிகிராம் மக்னீசியம் உண்டு. தீட்டிய பச்சரிசியில் 20 மில்லிகிராம்தான். மலைக்காடுகளில் சாமையும் கேழ்வரகும் விதைப்பது குறைந்து அரிசிச் சோறு நிலைத்துவிட்ட இன்றைய நிலையில் இந்த வித்தியாசம் யோசிக்க வேண்டியது. இதைப் படித்துவிட்டு மக்னீசியம் மாத்திரை வாங்கப் போக வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து.

சீனத்திலும் கனடாவிலும்

சீனத்தின் வடகிழக்கில் கேஷான் என்ற ஊரில் 1935-இல் பலர் இதயம் பெருத்து இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நோய் ஊரின் பெயரையே பெற்றது. அதே நோய் வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை ஒரு பட்டையாக நீண்ட நிலப்பகுதியில் மட்டும் இருப்பது பிறகு தெரிந்தது. அந்தப் பட்டையின் மண்ணில் செலினியம் மிகக் குறைவு. 1970-களில் குழந்தைகளுக்குச் சோடியம் செலினைட் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வெகுவாகக் குறைந்தது. கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் செலினியக் குறைவு ஆண்டு முழுவதும் இருக்க, நோய் மட்டும் ஏன் சில பருவங்களில், சில ஆண்டுகளில் பெருகுகிறது? தேடியபோது காக்ஸாக்கி என்ற வைரஸ் அகப்பட்டது. செலினியம் குறைந்த எலியின் உடலில் சாதுவான காக்ஸாக்கி வைரஸ்கூடத் தன் மரபணுவை மாற்றிக்கொண்டு இதயத்தைத் தாக்கத் தொடங்குவதை அமெரிக்க ஆய்வாளர் மெலிண்டா பெக் காட்டினார்.

கனடாவின் கியூபெக் நகரில் 1965–66-இல் 48 பேருக்கு இதயம் திடீரென்று செயலிழந்தது. 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் பீர் அதிகம் குடிப்பவர்கள். நுரை நிலைத்து நிற்பதற்காகப் பீரில் கோபால்ட் உப்பு சேர்த்திருந்தார்கள். அதை நிறுத்தியதும் புதிய நோயாளிகள் வரவில்லை. இங்கும் ஒரு புதிர் மிஞ்சியது. ரத்தசோகைக்கு மருந்தாக அதைவிடப் பல மடங்கு கோபால்ட்டை விழுங்கியவர்களின் இதயம் இப்படிப் படுத்துவிடவில்லை. பீர் குடித்தவர்கள் சரியாகச் சாப்பிடாதவர்கள். புரதமும் தயமினும் குறைந்த உடம்பில், மதுவால் ஏற்கெனவே நலிந்த தசையில்தான் கோபால்ட் வேலையைக் காட்டியது.

கேரளத்தில் சீரியமும் மக்னீசியக் குறைவும். கேஷானில் செலினியக் குறைவும் வைரஸும். கியூபெக்கில் கோபால்ட்டும் அரைப்பட்டினியும். மூன்றிலும் முதல் காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் அத்தோடு நின்றிருந்தால் நோயைப் பாதிதான் புரிந்துகொண்டிருப்பார்கள். இதயத்தசைக்குச் சேமிப்பு வலு அதிகம். ஒரு குறையை அது பல ஆண்டுகள் தாங்கும். இரண்டாவது வந்து சேரும்போதுதான் தாங்க முடியாமல் போகிறது.

விடுபட்ட 25 எழுத்துகள்

மண்ணை விட்டு மரபுக்கு வருவோம். தடிப்பு வகை நோய் குடும்பங்களில் வருவது கியூபெக் மாநிலத்தின் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் தெளிவாகத் தெரிந்திருந்தது. அக்குடும்பத்தில் மயோசின் மரபணுவின் டிஎன்ஏ வரிசையில் ஓர் எழுத்து மாறியிருப்பதை 1990-இல் கிறிஸ்டின் சீட்மன், ஜொனாதன் சீட்மன் தம்பதியின் குழு கண்டுபிடித்தது. இதயத்தசை நோய்க்கு அகப்பட்ட முதல் மரபணு அது.

நம் மக்களிடம் என்ன இருக்கிறது என்ற தேடலில் தமிழர்களின் பங்கு பெரிது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தின் சி. ராஜமாணிக்கம், ஸ்ரீசித்திரை நிறுவனத்தின் ஜெ. எம். தரகன், ஜெர்மனியின் ஹான்ஸ்-பீட்டர் வோஸ்பெர்க் முதலியோர் அடங்கிய குழு இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து 2003-இல் ஒரு செய்தி சொன்னது. மயோசினின் இழுப்பைக் கட்டுக்குள் வைக்கும் ‘மயோசின் பிணைப்புப் புரதம் சி’ என்று ஒன்று உண்டு. 11-ஆவது குரோமோசோமில் உள்ள அதன் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருந்தன.

அந்த விடுபாடு சில குடும்பங்களோடு நிற்கவில்லை. பெருந்துறை எஸ். தண்டபாணி, சக்திவேல் சடையப்பன், ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலியோர் 2009-இல் ‘நேச்சர் ஜெனெடிக்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. இந்தியா முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட சமூகங்களில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்திருந்தார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு 4 பேரிடம் இந்த விடுபாடு இருந்தது. பாகிஸ்தானிலும் இலங்கையிலும் இருந்தது. தெற்காசியாவுக்கு வெளியே பெரும்பாலான மக்களிடம் காணவில்லை. இதயம் செயலிழந்தவர்களிடம் இது இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 7 மடங்கு. இந்த மாற்றம் 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்று கணித்தார்கள். இத்தனை காலம் இயற்கை அதைக் களையெடுக்காததற்கு ஒரு விளக்கமும் தந்தார்கள்: அது தொல்லை கொடுப்பது பெரும்பாலும் நடுவயதுக்கு மேல், அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன.

நூற்றுக்கு 4 என்றால் கோடிக்கணக்கானவர்கள். அத்தனை பேருக்கும் இதயம் கெடுகிறதா? கெடவில்லை. பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். எனவே ஆய்வாளர்கள் மறுபடியும் தேடினார்கள். அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களைச் சோதித்த சடையப்பன் குழு 2018-இல், விடுபாடு உள்ளவர்களில் பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் இருப்பதாகவும், இதயத்தின் இயக்கம் இயல்பு மாறியிருப்பது அவர்களிடம்தான் என்றும் கண்டது. 2020-இல் வெளியான மற்றொரு மறு ஆய்வு, தடிப்பு வகை நோயோடு விடுபாட்டுக்கு இருந்த தொடர்பு, அதனோடு ஒட்டிக்கொண்டே பரம்பரையில் வரும் வேறொரு சிறு மாற்றத்தால் விளைந்தது என்று காட்டியது. அந்தச் சிறு மாற்றம் இல்லாமல் 25 எழுத்து விடுபாடு மட்டும் உள்ளவர்கள் அஞ்ச வேண்டிய அவசியம் மிகக் குறைவு. திருடன் நின்ற இடத்தில் பக்கத்தில் நின்றதற்காகப் பிடிபட்டவன் கதைதான் அது.

2009-இன் கண்டுபிடிப்பு இதனால் வீணாகிவிடவில்லை. திருடன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று சொன்னது அந்த ஆய்வுதான். மரபிலும் ஒற்றைக் காரணம் போதவில்லை என்பதைப் பத்தாண்டு உழைப்பு காட்டியது.

விரிவு வகையில் இதே பாடம் இன்னும் துலக்கமாக இருக்கிறது. டைட்டின் என்பது தசை இழையை நெடுக்கே தாங்கும் மிகப்பெரிய புரதம். அதன் மரபணு பாதியில் அறுந்த நிலையில் நூற்றுக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. பெரும்பாலோருக்குத் தெரிவதே இல்லை. மதுவால் இதயம் தளர்ந்தவர்களைச் சோதித்தபோது ஏறக்குறைய பத்துக்கு ஒருவரிடம் அது இருந்தது. பிரசவத்தை ஒட்டி இதயம் தளர்ந்த பெண்களில் இப்படி அறுந்த மரபணுக்கள் நூற்றுக்கு 15 பேரிடம் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை டைட்டின். பிறப்போடு வந்த குறை காத்திருந்தது. மதுவும் கர்ப்பமும் அதன் மேல் கூடுதல் சுமையை ஏற்றின.

மூன்று அண்ணன் தம்பிகள்

சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்ததாகவும், மூத்தவர் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவில் பிறந்தவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் தங்கியதாகவும் இவர்களின் வாய்மொழி வரலாறு சொல்கிறது.

அந்தக் கதையின் காலத்தையோ உண்மையையோ மரபணு அறிவியல் கேட்பதில்லை. சிலரே முன்னோராகி, அவர்களின் வழித்தோன்றல்கள் தமக்குள்ளேயே மணம் முடித்து வாழும்போது, முன்னோரில் ஒருவரிடம் இருந்த அரிய மாற்றம் பின்னாளில் அந்தக் கூட்டத்தில் அரிதல்லாமல் ஆகிவிடக்கூடும். மலைச் சமூகத்துக்கு மட்டும் உரிய விதி அல்ல இது. சமவெளியில் அத்தை மகளையும் மாமன் மகனையும் கட்டிய ஒவ்வொரு சாதிக்கும், பங்காளிக் கூட்டம் தவிர்த்துத் தம் சாதிக்குள்ளேயே பெண்ணெடுக்கும் கொங்கு நாட்டுக்கும் இது பொருந்தும். சாதி தவறாமல் மணம் செய்த நாடு முழுவதும் சிறுசிறு மலைகளாகத்தான் வாழ்ந்திருக்கிறது. எந்தச் சமூகத்தின் மேலும் நோய் முத்திரை குத்த இதில் இடமில்லை. குடும்ப வரலாற்றைக் கேட்க வேண்டிய அவசியம் மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது.

மேடு தரும் பரிசோதனை

இதயத்தசை நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மேட்டில்தான் தெரியும். மருத்துவமனையின் டிரெட்மில் சோதனையில் முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், பத்து சதவீத ஏற்றத்தில் நடக்க விடுவார்கள். பிறகு வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டுவார்கள். மலைக்கிராமத்துக்காரர் தலைச்சுமையோடு இதைவிடச் செங்குத்தான வழியில் தினமும் ஏறுகிறார். நல்ல இதயம் உள்ளவருக்கு அது பழகிய நடை. போன ஆண்டு நிற்காமல் ஏறிய மேட்டில் இந்த ஆண்டு இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தால், அது ஒரு சோதனை முடிவு. “மேடு ஏறினா மூச்சு வாங்கத்தானே செய்யும்” என்று சொல்லிவிடுவதால் அந்த முடிவு வீணாகிறது.

பழி காற்றின் மேலும் போடப்படுவதுண்டு. கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டராக இருக்கும் காற்றழுத்தம் ஏற்காட்டின் உயரத்தில் ஏறக்குறைய 635 ஆகக் குறைகிறது. நலமாக உள்ளவருக்கு, அதிலும் அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு, இந்தக் குறைவு மூச்சுத்திணறலைத் தராது. ஏற்காட்டில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் குற்றம் காற்றில் இல்லை.

மேட்டில் மூச்சு வாங்குவதோடு வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். மல்லாந்து படுக்க முடியாமல் தலையணையை உயர்த்திக்கொள்வது, நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, மாலையில் காலில் வீக்கம், படபடப்பு. ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்கி விழுவது இவை எல்லாவற்றையும்விட அவசரமானது. இளைஞர்களின் தடிப்பு வகை நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதங்களில் ஒன்று அது. ‘வலிப்பு’, ‘வெயில் மயக்கம்’ என்று இதைத் தள்ளிவிடக் கூடாது.

பெண்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலும் பிள்ளை பெற்ற ஐந்து மாதத்துக்குள்ளும் இதயம் தளரும் நோய் ஒன்று உண்டு. கால் வீக்கமும் மூச்சு வாங்குவதும் பிரசவத்தில் சகஜம் என்பதால் இது எளிதில் தப்பிவிடும். பிள்ளை பெற்றபின் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லும் பெண்ணை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. இசிஜியும் எக்கோவும் போதும், முதல் விடை கிடைத்துவிடும். மலையடிவாரத்தில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கண்டுபிடித்தால் செய்வதற்கும் இன்று நிறைய இருக்கிறது. தளர்ந்த இதயத்துக்கு ஆயுளைக் கூட்டும் மருந்துகள் நான்கு வகை உண்டு. அவற்றில் ஒன்று சர்க்கரை நோய்க்காக வந்து இதயத்துக்கும் உதவியது. தடித்த தசையின் மிகைச் சுருக்கத்தை நேரடியாகக் குறைக்கும் மாவகாம்டென் என்ற மருந்துக்கு 2022-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. துடிப்பு தடம் புரண்டால் சரிசெய்யும் கருவியை மார்பில் பொருத்த முடியும். மதுவால் தளர்ந்த இதயம், மதுவை அடியோடு நிறுத்தினால் பலருக்குத் தேறிவிடுகிறது.

முதல் காரணம் பெரும்பாலும் நம் கையில் இல்லை. பிறந்த மரபையும் பிறந்த மண்ணையும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இரண்டாவது காரணங்களில் பல நம் கையில் இருக்கின்றன: மது, கவனிக்காத ரத்த அழுத்தம், ஒரே வகைச் சோறு, பிரசவத்துக்குப் பின் செய்யாத பரிசோதனை, தள்ளிப்போட்ட எக்கோ.

ஆகவே இந்த அத்தியாயத்தை மூடி வைத்ததும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நம் குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்தார்களா, ‘இதயம் வீக்கம்’ என்று யாருக்காவது மருத்துவர் சொன்னாரா? ஆம் என்றால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஒவ்வொருவரும், உடம்பில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும், இசிஜியும் எக்கோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை சரியாக இருந்தது என்று விட்டுவிடவும் கூடாது. குடும்பத்தில் தடிப்பு வகை நோய் உறுதியாகியிருந்தால், சிறுவர்களுக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும் பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் திரும்பப் பார்க்க வேண்டும்.